ஞாயிறு வரை திங்கள்

கயானியில் பனி தள்ளும் வண்டிகள் அறுபத்திரண்டு.
பத்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும்
தான் நிற்கும் இடத்தைச் சொல்லும்.
வேகம், அலகின் உயரம், கதவு திறந்ததா,
உப்பு எவ்வளவு தூவியது.
யாரும் கேட்காதபோதும் சொல்லும்.

முதல் இரண்டு குளிர்காலம்
நாளுக்கொரு பெட்டி போட்டோம்.
பெட்டிக்கு ஐந்து துண்டு, துண்டுக்கு ஒரு நகல்,
தொண்ணூறு நாளுக்குத் தொள்ளாயிரம்.
விளக்குக் கம்பங்கள், வடிகால்கள், பள்ளிப் பேருந்துகள்
அதே கணக்கில் வந்து சேர்ந்தன.
எது எந்த சர்வரில் என்று மனப்பாடம் செய்வதே
தலைமை சர்வருக்குப் பிழைப்பானது.
பிப்ரவரியில் ஓர் இரவு
வருகைப் பதிவேட்டைப் பாதி வாசித்த நிலையில்
அது மயங்கி விழுந்தது.

"கரண்டி உப்புக்கு ஒரு டப்பாவா?" என்றாள் ரைசா கெம்ப்பைனென்.
அன்றிலிருந்து வாரத்துக்கொரு பெட்டி,
இரண்டே துண்டு.

எத்தனை நாள் வைப்பது என்பது
எங்கள் கையில் இல்லை.
ஓட்டுநர் சங்கம் அறுபது கேட்டது,
காப்பீட்டுக்காரர்கள் ஒரு வருடம் கேட்டார்கள்,
தொண்ணூறில் கை குலுக்கினார்கள்.
ஆனால் பெட்டிக்குள் கைவிட்டு
ஒரு நாளை மட்டும் பொறுக்கி எடுப்பது
லேசில் முடியாது;
அழித்த வரியும் அழிந்தேன் என்ற குறியோடு
அங்கேயே கிடக்கும்.
பெட்டியோடு எறிந்தால் ஒரு நொடி.
எனவே கடைசி நாளுக்கு வயதாகும்வரை
முதல் நாளும் இருக்கும்.

வானத்தில் ஞாயிறு வந்தால் திங்கள் மங்கும்.
எங்கள் சர்வரில்
ஞாயிறு இருக்கும்வரைதான் திங்களுக்கு உயிர்.
(ஜனவரியில் இந்த ஊர் வானத்தில்
ஞாயிறு தங்குவதே நாலரை மணி நேரம்.)

தொண்ணூற்று மூன்றாம் நாள், புதன்கிழமை,
கட்டம் போட்ட தாளில் ஒரு கடிதம்.
வேய்க்கோ கார்ப்பினென் எழுதியிருந்தார்:
"ஜனவரி எட்டாம் தேதி விடியுமுன்
உங்கள் வண்டி என் தபால்பெட்டியைச் சாய்த்திருக்கிறது.
பனி இப்போதுதான் உருகியது,
இப்போதுதான் கண்டேன்.
அந்தத் திங்களிலிருந்து தபால் இல்லை.
யாரும் எழுதவில்லை என்றே
நினைத்துக்கொண்டிருந்தேன்."

"மூன்று நாள் தாமதம்" என்றேன்.
"பெட்டி இருக்கிறதா?"
"பெட்டி இருக்கிறது. நாள் இருக்கக் கூடாது."
ரைசா காபியை முழுதும் குடித்தாள்.
பிறகு தேடினாள்.

பதினேழாம் வண்டி, காலை 4:12.
அலகு கீழே, வேகம் முப்பத்தொன்று.
அடுத்த நான்கு வரியும் வேகம் பூஜ்யம்.
கதவு திறந்தது.
கதவு மூடியது.
அலகு மேலே.

நாற்பது நொடி.
அதற்குள் என்ன நடந்தது என்று
எந்தத் துண்டிலும் இல்லை, நகலிலும் இல்லை.

ஓட்டியவள் அன்சா மொய்லனென்.
தொலைபேசியில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"நிமிர்த்தித்தான் வைத்தேன்" என்றாள்.
"மைனஸ் இருபத்தொன்பது. கைக்குக் கம்பம் ஒட்டியது.
போகும்போது கண்ணாடியில் பார்த்தேன், நின்றது."

வெள்ளிக்கிழமை ஒரு சம்மட்டியும் புதுக் கம்பமும்
அவள் சொந்தக் காரில் போயின.
அந்தக் கார் யாருக்கும் எதுவும் சொல்லாது.

சனி நள்ளிரவு ஞாயிறுக்குத் தொண்ணூறு ஆனது.
கட்டளை தானாக ஓடியது.
ஏழு நாளும் ஒன்றாகப் போயின,
யாரும் தேடாத ஆறும், நாங்கள் தேடிய ஒன்றும்.
திரையில் 'ஒப்புக்கொள்ளப்பட்டது' என்ற ஒரு வரி,
வட்டில் பதினோரு கிகாபைட் காலி,
ஆறு சர்வருக்கும் பச்சை விளக்கு.

திங்களன்று ரைசா விதிப் புத்தகத்தைத் திறந்து
'தொண்ணூறு' என்ற இடத்தில்
'தொண்ணூறு முதல் தொண்ணூற்றாறு வரை' என்று திருத்தி
நகராட்சிக்கு அனுப்பினாள்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரே சொல்: வாரம்.

கார்ப்பினெனுக்கு எங்கள் பதில் தபாலில்தான் போனது.
கிடைத்ததா என்று
இதுவரை எழுதவில்லை.